கடற்கரைச் சீமாட்டியின் வெள்ளை அங்கி

மாதா சுரூபத்துக்கு அளவெடுப்பது லேசான வேலை. என் வாடிக்கைக்காரிகளைப் போல மாதா மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை ஒளிப்பதில்லை. போன முறை அளவெடுத்த பிறகு தின்ற கொத்துரொட்டியை எல்லாம் மறந்துவிட்டு, "நீங்கள் தைச்ச சட்டை சுருங்கிப் போச்சு" என்று என் தலையில் பழி போடுவதுமில்லை. கையைத் தூக்கு, இறக்கு என்று சொல்லத் தேவையில்லை. கூப்பியபடியே நிற்பார்.

அப்படியிருந்தும் அன்றைக்கு ஒவ்வோர் அளவையும் இரண்டு தரம் எடுத்தேன்.

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாங்கள் பூசை காண்கிற கோவில் காலையில் பிரெஞ்சுக்காரருக்கும் பின்னேரம் எங்களுக்கும் சொந்தம். பீடத்துக்குப் பின்னால் பூசை உடுப்புகள் வைக்கிற சின்ன அறை ஒன்று இருக்கிறது. மெழுகுதிரி மணமும் பழைய மர அலுமாரி மணமும் கலந்து அடிக்கும். மூன்றடிச் சுரூபத்தை மேசையில் ஏற்றி வைத்து, அளவு நாடாவின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை மெற்றில்டா முழந்தாளில் நின்று பிடித்திருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். நான் "பதினொன்றரை" என்றால் அவள் "ஆமென்" என்றாள். "இருபத்திநாலு" என்றேன். அதற்கும் "ஆமென்".

"பிள்ளை, முதல் எழுது. ஆமென் பேந்து சொல்லலாம்" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். சிரிக்கவில்லை.

"அக்கா, ஒருத்தரும் ஒரு குறை சொல்லக் கூடாது. இது இவற்ர காலுக்கு நான் குடுத்த வாக்கு."

'இவர்' என்றது அவளுடைய கணவர் சவிரிமுத்துவை. துறைமுகத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்குகிற இடத்தில் வேலை. ஒரு குளிர்காலத்தில் லொறியின் மேலிருந்து சறுக்கி விழுந்து இடுப்பு நாரி உடைந்து, இரண்டு காலும் எழும்பாமல் போனது. சத்திரசிகிச்சை செய்த வைத்தியர், நடக்கலாம், நடக்காமலும் விடலாம் என்றாராம். வானிலை சொல்கிறவர்கள்கூட இதைவிடத் தெளிவாகச் சொல்லுவார்கள். அப்போதுதான் மெற்றில்டா நேர்த்தி வைத்தாள். இவர் எழும்பி நடந்தால் ஆவணித் திருநாளுக்கு மாதாவுக்கு உடுப்புச் சாத்துவேன். இவரே நடந்து போய் அதன் விளிம்பைத் தொட்டுக் கும்பிடுவார்.

அடுத்த வருடம் பனி கரைகிற காலத்தில் சவிரி நடக்கத் தொடங்கினார். இனி உடுப்புத்தான் பாக்கி.

"நேர்ந்தவன் மறந்தாலும் நேர்ந்த இடம் மறக்காது" என்று மன்னாரில் தங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள் என்பாள் மெற்றில்டா. அவள் மறக்கிற ஆள் இல்லை. அவளுடைய பயம் வேறு. கொண்டுவருகிற உடுப்பை ஏற்பதும் தள்ளுவதும் அலங்காரக் குழுத் தலைவி கிளாரா ரீச்சரின் கையில். முந்தின வருடம் ஒரு பெண் மயில் நீலத்தில் கண்ணாடி பதித்துக் கொண்டுவந்த அங்கியை, இது மாதாவுக்கோ மேடை நடனத்துக்கோ என்று ஒரே கேள்வியில் அலுமாரிக்குள் அனுப்பியவர் அவர். தள்ளப்பட்ட உடுப்பு என்றால் நேர்த்தி தீரவில்லை என்று அர்த்தம். சவிரி படியில் கால் தடுக்கும் ஒவ்வொரு முறையும் மெற்றில்டாவுக்கு அந்த அலுமாரிக் கதவுதான் கண்ணுக்குள் வரும்.

இவ்வளவு பெரிய பொறுப்பு என்னிடம் எப்படி வந்தது? வாயால் வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஒரு பிறந்தநாள் வீட்டில், "என்னட்டைப் பாரிஸ் உடுப்புப் படம் இருபத்திரண்டு கிடக்கு. எந்தக் காலத்து வெட்டும் வெட்டுவன்" என்று சொல்லியிருந்தேன். அதில் முதல் பாதி உண்மை.

பைக்குள் இருந்த பாரிஸ்

அந்தப் படங்களை நான் தேடிப் போனவள் இல்லை. கோவிலின் கீழ்த்தளத்தில் பழைய சாமான் விற்கிற ஒரு சனிக்கிழமை. ஜிசேல் என்கிற கியூபெக்காரப் பெண்மணி மேசை போட்டு இருந்தார். கோவிலுக்குப் பூ வைக்கிறவரும் அவர்தான். கைபிடி உடைந்த கோப்பைகள், ஒற்றைக் கண் பொம்மை, அவற்றுக்கிடையில் நாடா கட்டிய பெரிய மட்டைப் பை. நான் சட்டை வெட்டுகிற காகித அச்சுகளை மடியாமல் வைக்க அப்படி ஒரு பையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே ஏதோ படங்கள் என்று ஜிசேல் சொன்னார். பரவாயில்லை, இருக்கட்டும் என்று பெருந்தன்மையோடு சொன்னேன்.

வீட்டில் வந்து நாடாவை அவிழ்த்தால், நூற்றைம்பது வருடத்துக்கு முந்தின பிரெஞ்சுச் சீமாட்டிகள். ஒவ்வொரு தாளிலும் ஒருத்தி நிற்கிறாள். அந்தந்தப் பருவத்துக்கு என்ன உடுப்பு வந்திருக்கிறது என்று பாரிஸில் அச்சடித்து ஊர் ஊராக அனுப்பின தாள்கள். இதைப் பார்த்துத்தான் அந்தக் காலத் தையற்காரிகள் வெட்டினார்களாம். முதலில் பழைய கலண்டர் என்று நினைத்தேன். பிறகு, ஊசியில் நூல் கோர்க்க வைத்திருக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன்.

கோடுகள் மட்டும்தான் அச்சு. நிறம் கையால் தீட்டியது.

ஒருத்தியின் நீல நாடாவின் நிறம் கோட்டைத் தாண்டி அவளுடைய சுண்டு விரலில் ஏறியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. தீட்டினவளுக்கு அந்த நேரம் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்திருக்கும். இன்னொரு படம் இரண்டு பிரதி இருந்தது. ஒன்றில் அவள் பச்சைத் தொப்பி போட்டிருந்தாள், மற்றதில் சிவப்பு. பச்சை முடிந்துபோயிருக்கும்.

உடுப்புத் தொழிற்சாலையில் நான் பல வருடம் கோட்டுப் பைகளின் மூடி மட்டும் தைத்தவள். முழுக் கோட்டை நான் கண்டது அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தவர்களிடம்தான். அதனால் பார்த்ததுமே விளங்கியது: ஒரு மேசையைச் சுற்றிப் பெண்கள் இருந்து, ஒருத்தி சிவப்பு மட்டும், அடுத்தவள் நீலம் மட்டும் என்று தாளைத் தள்ளித் தள்ளி விட்டிருப்பார்கள். அப்படித்தான் நடந்ததாகத் தானும் கேள்விப்பட்டதாய் ஜிசேல் பிறகொரு நாள் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்போடு நின்ற நான் ஒரு ஆராய்ச்சியாளரைப் போல அந்தக் கிழமை முழுக்க நடந்து திரிந்தேன்.

ஆராய்ச்சி அதோடு நிற்கவில்லை. அளவு நாடாவைப் படத்தில் வைத்து உயரத்தையும் இடுப்பையும் அளந்து கணக்குப் போட்டேன். சீமாட்டி என் உயரம் என்றால், அவளுடைய இடுப்பும் என் மேற்கையும் ஒரே சுற்று. இதை என் கணவரிடம் அதிசயமாகச் சொன்னேன். அவர் பேப்பரில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

"உம்மட கையைக் குறை சொல்லுறீரோ, அவவின்ர இடுப்பைக் குறை சொல்லுறீரோ?"

என் உடுப்பு வரலாறு, சுருக்கமாக

படங்களைக் கால வரிசையில் அடுக்கினால் ஒரு வேடிக்கை தெரியும். முதலில் பாவாடை மணி மாதிரி விரிகிறது. கதவுக்குள்ளால் நுழையாத அளவு. பிறகு முன்பக்கம் சப்பையாகி, பின்பக்கம் மட்டும் முதுகில் மூட்டை கட்டினது போல வீங்குகிறது. பிறகு எல்லாம் ஒடுங்கி, கால் எடுத்து வைக்க முடியாமல் ஒரு குழாய். இவர்கள் எப்படி வண்டியில் ஏறினார்கள் என்று வயிறு நோகச் சிரித்தேன்.

சிரித்து முடிய, நான் எப்படிப் பஸ்ஸில் ஏறினேன் என்பது ஞாபகம் வந்தது.

மொன்றியலில் என் முதல் குளிர்காலம். உள்ளே கணவரின் கம்பளிக் காற்சட்டை. அதற்கு மேல் பாவாடை, அதற்கு மேல் சீலை. சீலைக்கு மேல் முழங்கால் வரை கோட்டு. கோட்டுக்குக் கீழே எட்டிப் பார்க்கிற சீலைக் கரை, அதற்கும் கீழே ஆம்பிளைச் சப்பாத்து. பனியில் நனைந்த சீலைக் கரை காற்றில் உறைந்துவிடும். மெத்ரோ ரயிலில் இருந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தத்தோடு மடியும். ஐந்து நிமிடத்தில் உள்வெப்பத்துக்கு இளகி ஒழுகத் தொடங்கும். பக்கத்துப் பெண் மெல்லத் தன் காலை எடுத்துக்கொள்வாள். நான் ஜன்னலைப் பார்ப்பேன். சுரங்கத்துக்குள் ஜன்னலில் என்ன தெரியும்? என் முகம்தான் தெரியும்.

தொழிற்சாலையில் மெஷினுக்குள் சீலை மாட்டும், காற்சட்டை போட்டு வா என்றார்கள். வீட்டில் மச்சாள் எங்களோடு இருந்தார். கணவரின் மூத்த சகோதரி. அவருக்கு முன்னால் காற்சட்டையோடு எப்படி இறங்குவது? ஆகவே காற்சட்டைக்கு மேல் சீலையைக் கட்டிக்கொண்டு போய், தொழிற்சாலைக் கழிப்பறையில் சீலையை அவிழ்த்துப் பையில் வைத்து, பின்னேரம் திரும்பக் கட்டிக்கொண்டு வருவேன். இப்படி ஒரு குளிர்காலம் முழுக்க. எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்த கிரேக்கத்து எலெனி இதைப் பார்த்துப் பார்த்து ஒரு நாள் சொன்னாள்: "ஊசிக்கு ஒரு கண், ஊருக்கு நூறு கண்." அவளுடைய ஊரிலும் எங்கள் மச்சாள் மாதிரி ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் அவசரத்தில் சீலைப் பையைத் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டேன். காற்சட்டையோடு வந்து கதவைத் தட்டினேன். மச்சாள் திறந்தார். மேலிருந்து கீழே பார்த்தார். "இப்பதான் உமக்குக் கால் இருக்கிறதே தெரியுது" என்றார். அவ்வளவுதான். அடுத்த கிழமை தனக்கு என்ன அளவு சரிவரும் என்று என்னிடம் தனியாகக் கேட்டார்.

இந்தச் சரித்திரம் படைத்த நான்தான், மெற்றில்டாவின் நேர்த்திக்காக, இருபத்திரண்டு பிரெஞ்சுச் சீமாட்டிகளின் அடக்க ஒடுக்கத்துக்கு நீதிபதியாய் இருந்தேன்.

இருபத்திரண்டில் ஒருத்தி

அளவெடுத்த அடுத்த நாள் பின்னேரம், என் குசினி மேசை. மெற்றில்டா கையைக் கழுவித் துடைத்துவிட்டு முன்னால் இருந்தாள். நான் ஒவ்வொரு தாளாகத் திருப்பினேன்.

முதலாமவளுக்குத் தோள் தெரிந்தது. இரண்டாமவளுக்குத் தோள் மூடியிருந்தது, ஆனால் தோளில் மூடினதற்கு ஈடாக நெஞ்சில் திறந்திருந்தது. மூன்றாமவள் பூந்தோட்டத்தில் நல்ல பிள்ளையாய் நின்றாள். இடுப்பைப் பார்த்தால் மூச்சு விடுகிறாளோ என்று சந்தேகம் வந்தது. ஒருத்தி குதிரையில் இருந்தாள். மெற்றில்டா அந்தத் தாளைத் தொடாமலே தள்ளிவிட்டாள். தள்ளினவர்களை எல்லாம் நான் முகங்குப்புற அடுக்கினேன். அடுக்கு உயர உயர மெற்றில்டாவின் முகம் சிறுத்துக்கொண்டு வந்தது.

"இவையளுக்குக் கோவில் குளமே இல்லையோ அக்கா?"

பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ தாளாய் இருக்கும். திருப்பினேன். இருவரும் ஒன்றாகக் குனிந்தோம்.

வெள்ளை அங்கி. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே விழுகையாக விழுந்தது. தலையில் அதோடு சேர்ந்த முக்காடு. விளிம்பு முழுக்க இரண்டு விரல் அகலத்தில் நீலக் கரை. கை இரண்டும் அங்கிக்குள்ளே. முகம் மட்டும் தெரிந்தது. அந்த முகமும் பணிவாகக் கீழே பார்த்தது. பின்னால் கடல். கடலோரம் வண்டி மாதிரிச் சில்லுப் பூட்டின ஒரு சின்ன மரக் குடில். கூரை முகட்டில் ஒரு கொடி.

மெற்றில்டா கடற்கரையில் பிறந்தவள். அவளுக்கு அந்தக் குடிலைக் கண்டதும் சந்தேகமே வரவில்லை.

"அக்கா, கூடு நிக்குது. கடற்கரைத் திருநாள்." நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கூடு என்றால் சுரூபத்தை ஏற்றிச் சுற்றுப்பிரகாரம் இழுக்கிற தேர். எனக்கும் அப்படியே பட்டது. சில்லு இருக்கிறது, கொடி இருக்கிறது, முக்காடு போட்ட பெண் பக்கத்தில் பயபக்தியாக நிற்கிறாள். வேறு என்னவாக இருக்கும்? "பார்த்தியா, பாரிஸிலயும் பக்தியான ஆக்கள் இருந்திருக்கினம்" என்று சொன்னது நான்தான். அதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

படத்துக்குக் கீழே நாலு வரி பொடி எழுத்து இருந்தது. அதை வாசித்திருக்கலாம். ஆனால் என் பிரெஞ்சு, அளவு சொல்லவும் பஸ்ஸில் சண்டை பிடிக்கவும் காணும். பொடி எழுத்து வாசிக்கக் காணாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் இருக்கிற மகளுக்குப் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தால் ஒரு நிமிட வேலை. அவள் வாசித்துச் சொல்லுவாள்தான், கூடவே என் பிரெஞ்சையும் மூன்று தரம் திருத்துவாள். கடைக்காரன் பேராய் இருக்கும் என்று மெற்றில்டாவுக்கு விளக்கம் சொல்லிவிட்டேன். அரைக்குடம் தளும்பினால் பரவாயில்லை. இது அடியில் ஓட்டை.

கோணல் தையல்

பட்டு அந்த மாதிரி விழாது. படத்தில் மடிப்புகள் மொத்தமாக, மெத்தென்று விழுந்தன. துணிக்கடையில் அரை நாள் தடவித் தடவிப் பார்த்து, பஞ்சு போல் ஒரு தடித்த வெள்ளைப் பருத்தி எடுத்தேன். வெட்டினேன், சேர்த்தேன், முக்காட்டை மூன்று தரம் பிரித்துத் தைத்தேன். நீலக் கரையை மட்டும் தானே கையால் தைக்க வேண்டும் என்று மெற்றில்டா பிடிவாதம் பிடித்தாள். நேர்த்தி அவளுடையது.

அவளுடையது ஊசி பிடித்த கை அல்ல. தினம் பின்னேரம் வந்து ஒரு சாண் தைப்பாள். தையல் கரையோரம் நண்டு ஓடினது மாதிரி இருக்கும். அவள் போனதும் நான் பிரித்து நேராகத் தைத்து வைப்பேன். என் பெயர் அல்லவா கெடும்? மூன்றாம் நாள் அவள் கரையைத் தடவிப் பார்த்தாள். கோபமில்லாமல் சொன்னாள்:

"என்ர தையல் கோணல் எண்டு எனக்குத் தெரியும் அக்கா. மாதாவுக்கும் தெரியட்டும்."

அதற்குப் பிறகு நான் தொடவில்லை. கை தினவெடுத்தது. தொடவில்லை.

திருநாளுக்கு ஒரு கிழமை முன்னம் கிளாரா ரீச்சர் வந்து பார்வையிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அங்கியைச் சுற்றி ஒரு முறை வலது பக்கமாய், ஒரு முறை இடது பக்கமாய் நடந்தார். மெற்றில்டா சுவரோடு ஒட்டி நின்றாள். ரீச்சர் கோணல் தையலில் விரலை வைத்தார், எடுத்தார். கடைசியில் வாய் திறந்தார்.

"கழுத்து மூடியிருக்கு. கை மூடியிருக்கு. தலை மூடியிருக்கு. உடுப்பு எண்டால் இதுதான் உடுப்பு. எங்கட பொம்பிளைப் பிள்ளையளைக் கூட்டி வந்து காட்ட வேணும்."

மெற்றில்டா சுவரிலேயே சாய்ந்துவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பாரிஸ் வெட்டு, ரீச்சர்" என்றேன்.

ஜிசேல் கண்ணாடி போட்டார்

திருநாளுக்கு முதல் நாள் மத்தியானம், பெண்கள் மட்டும் கூடி அறைக் கதவைச் சாத்தி மாதாவுக்கு உடுப்புச் சாத்தினோம். சுரூபத்தைக் கோவிலுக்குள் கொண்டுவந்து வைத்தபோது உண்மையாகவே வடிவாக இருந்தது. நான் தைத்தேன் என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, அதற்காகவும்தான்.

ஜிசேல் இரண்டு கையும் நிறைய வெள்ளைப் பூவோடு வந்தார். நின்றார். எவ்வளவு அழகு என்று பிரெஞ்சில் மெல்லச் சொன்னார். அது எனக்கு விளங்கும். உடனே நான் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தயாராகக் கொண்டுவந்திருந்த படத்தை எடுத்து நீட்டினேன். யாராவது கேட்டால் காட்டலாம் என்றுதான் கொண்டுபோனேன். யாரும் கேட்கவில்லை.

ஜிசேல் பூவை உட்காருகிற மர வாங்கின் மேல் வைத்துவிட்டுக் கண்ணாடி போட்டுக் கீழே இருந்த பொடி எழுத்தை வாசித்தார். பிறகு சுரூபத்தைப் பார்த்தார். திரும்பவும் எழுத்தைப் பார்த்தார். பிறகு வாங்கில் இருந்துவிட்டார். அவருக்கு வந்தது சத்தம் இல்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. மன்னிக்கச் சொல்லிக் கையால் சைகை காட்டிவிட்டு மீண்டும் குலுங்கினார்.

எனக்கு விளங்க வேண்டும் என்று ஆறுதலாக, கை அசைத்து அசைத்துச் சொன்னார். அந்தக் காலத்தில் பணக்காரப் பெண்கள் கடலில் குளிக்கப் போவார்கள். குளிக்கிற உடுப்போடு மணலில் நடந்தால் ஊர் பார்க்கும் என்று மேலே இதைப் போர்த்திக்கொண்டு தண்ணீர் வரைக்கும் நடப்பார்கள். கரையேறி வந்ததும் இதையே சுற்றி ஈரம் துடைப்பார்கள். அந்தச் சில்லுக் குடில்? அது உடுப்பு மாற்றுகிற அறை. குதிரை பூட்டித் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போவார்களாம்.

நான் படத்தைப் பார்த்தபடி நின்றேன். தோளும் கழுத்தும் காட்டி நின்ற அத்தனை பேரும் விருந்துக்கும் உலாவுக்கும் போன மரியாதையான குடும்பப் பெண்கள். அது அவர்களுடைய நல்லுடுப்பு. இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்ற இந்த ஒருத்தி மட்டும்தான், உள்ளே குறையத் துணியோடு நின்றவள். இரண்டு பேர் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து, இருபத்திரண்டு பேரில் சரியாக அவளைப் பொறுக்கி எடுத்து, மாதாவுக்கு ஒரு குளிக்கிற துவாய் தைத்திருக்கிறோம்.

"என்னவாம் அக்கா?" மெற்றில்டா பக்கத்தில் வந்து நின்றாள்.

"வடிவாம்" என்றேன்.

"வடிவுக்கு இவ்வளவு சிரிப்போ?"

அந்தப் பக்கத்தில் கிளாரா ரீச்சர் மெழுகுதிரிகளை நேராக்கிக்கொண்டு நின்றார். ஜிசேல் வாய் திறக்க மாட்டார். எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டார். மூடி மறைக்கலாம். அவளுடைய நேர்த்தி கெடக் கூடாது என்றுதானே மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். நான் காப்பாற்றப் பார்த்தது என் பாரிஸ் வெட்டை. நாளைக்கு இவள் புருஷன் பொறுக்கிப் பொறுக்கிக் கால் வைத்து வந்து அந்த விளிம்பைத் தொடும்போது, அது என்னவென்று தெரிய வேண்டியவள் இவள் ஒருத்திதான்.

மெற்றில்டாவைக் கையில் பிடித்து வெளிப் படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெயிலில் கண் கூசியது. ஒன்றும் விடாமல் சொன்னேன். என் பொடி எழுத்து விளக்கத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் படியில் இருந்தாள்.

"அப்ப அந்தக் கூடு?"

"கூடு இல்லை. உடுப்பு மாத்துற பெட்டி."

"நான் சிலுவை போட்டனான்."

"போட்டனி."

அங்கியைக் கழற்றிவிட்டுப் பழையதைச் சாத்தலாம், ரீச்சரிடம் பிழை முழுக்க என்னுடையது என்று சொல்கிறேன் என்றேன். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வேறொன்றைச் சொல்லத் தொடங்கினாள்.

ஆசுப்பத்திரியில் இருந்து சவிரியைக் கொண்டுவந்த பிறகு எட்டு மாதம் அவள்தான் அவரைக் குளிப்பாட்டினாள். குளியல் தொட்டிக்குள் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருத்துவாள். பெட்டி தூக்கின மனிதர். முதல் நாள் வெட்கத்தில் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு அழுதாராம். அவர் அழுவதைத் தான் பார்க்காமலும், தன் முகத்தை அவர் பார்க்காமலும் இருக்க, பெரிய வெள்ளைத் துவாயால் அவரைத் தலையோடு போர்த்திச் சுற்றி, அதற்கு மேலால் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். ஒவ்வொரு நாளும். பனி கரைகிற காலத்தில் ஒரு நாள், அந்தத் துவாயோடுதான் அவர் தொட்டியைப் பிடித்து எழும்பி, கதவு வரை ஒரு அடி, இரண்டு அடி வைத்தாராம்.

"எல்லாரும் நான் கோவிலில நேர்ந்தனான் எண்டு நினைக்கினம். அந்தக் குளியலறைக்குள்ளதான் அக்கா நேர்ந்தனான், துவாயைப் பிடிச்சுக்கொண்டு." படத்தை என்னிடம் திருப்பித் தந்தாள். "கழட்ட வேண்டாம்."

"ரீச்சர் கேட்டால்?"

"கேட்டால் சொல்லுவம். கேக்காட்டி, அவ படிச்ச மனிசிதானே, தானாக் கண்டுபிடிக்கட்டும்."

திருநாள்

அடுத்த நாள் கோவில் நிறைந்திருந்தது. மன்றாட்டு முடிந்ததும் பூசை வைத்த சுவாமி தலையை அசைத்தார். சவிரி கடைசி வாங்கில் இருந்து எழும்பினார். வலது கையில் ஊன்றுகிற பொல்லு. மெற்றில்டா இரண்டடி பின்னால் நடந்தாள். பிடிக்கவில்லை, பிடிக்கத் தயாராய் இரு கையும் விரித்தபடி. மின்விசிறிச் சத்தமும் பொல்லுச் சத்தமும் மட்டும். பாதி வழியில் ஒரு முறை நின்றார். நானும் நின்றேன், இருந்த இடத்திலேயே.

வந்து சேர்ந்தார். பொல்லை மனைவியிடம் கொடுத்துவிட்டு, குனிய முடியாத நாரியோடு அரைவாசி குனிந்து அங்கி விளிம்பைப் பிடித்தார். கோணல் தையல் இருந்த இடம். கண்ணை மூடி, உதட்டில் ஒற்றி முத்தி செய்தார். பிறகு, பொருள் கைமாறும்போது தடவிப் பார்க்கிற பழக்கம் துறைமுகத்துக்காரருக்குப் போகாது, துணியைப் பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் வைத்து உரசினார். மெஷின் இரைச்சலில் வேலை செய்து காது மந்தம். தான் மெல்லப் பேசுவதாக அவருக்கு எண்ணம்.

"மெற்றில்டா, நல்ல துணி. துவாய் மாதிரி இருக்கு."

கடைசி வாங்கு வரைக்கும் கேட்டது. முன்வரிசையில் கிளாரா ரீச்சர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். அது தலைகீழாக இருந்தது.

மெற்றில்டாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அழுதாள்தான், கூடச் சிரித்தும் கொண்டிருந்தாள். கையில் பொல்லு இருந்ததால் முகத்தைத் துடைக்க முடியாமல் அப்படியே நின்று, அவருடைய காதுக்குக் கிட்டப் போய், அவருக்குக் கேட்க வேண்டும் என்று உரக்கவே சொன்னாள்:

"ஓம். அதுதான்."

சவிரி தலையாட்டினார். திரும்பினார். பொல்லை வாங்க மறந்து, வாசல் பக்கமாக நடக்கத் தொடங்கினார்.